பொருந்தாத முடிவை அழிக்காதீர்கள்

அறிவியல் கூடத்தில் கிடைத்த முடிவு பாடநூலோடு பொருந்தாவிட்டால், அதை அழித்துவிட்டுச் ‘சரியான’ எண்ணை எழுதிவிடும் வழக்கம் மாணவர்களிடையே உண்டு. இது சிறு தவறன்று என்பது என் கருத்து.

1960ஆம் ஆண்டில் முதல் லேசர் உருவானது. 1967ஆம் ஆண்டில் ஹங்கேரிய மருத்துவர் எண்ட்ரே மெஸ்டர், புற்றுநோய் தொடர்பான ஆய்வுக்காக, மயிர் மழித்த எலிகளின் தோலில் ஆற்றல் குறைந்த லேசரைச் செலுத்தினார். ஒளி பட்ட இடத்தில் மயிர் விரைவாக வளர்ந்தது! அவர் தேடியது அதுவல்ல. ஆயினும் அதை ஒதுக்காமல் குறித்து வைத்தார். பின்னர் ஆறாத புண்களிலும் சோதித்தார். குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சை அங்கிருந்தே வளர்ந்தது.

உயிரணுவில் உள்ள மைட்டோகாண்ட்ரியா செந்நிற ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ஈர்த்து, கூடுதல் ஆற்றலை உருவாக்குகிறது என்பதே பரவலான விளக்கம். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, பன்னாட்டு மருத்துவ வழிகாட்டிகள் இதைப் பரிந்துரைக்கின்றன. நீரிழிவுப் புண்களுக்கோ சான்றுகள் இன்னும் உறுதிப்படவில்லை. ஒளியின் அளவு குறைந்தால் பயனில்லை; மிகுந்தால் புண் ஆறுவதே தடைபடலாம்.

‘எந்தப் புண்ணும் ஆறும்’ என்று கருவி விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இந்தப் பாதியைத்தான். அதை நம்பி மருத்துவமனைக்குத் தாமதமாகச் செல்லும் நீரிழிவு நோயாளி காலையே இழக்க நேரிடலாம்.

நாளைய மருத்துவர்களும் தாதியரும் உங்களிடையேதான் இருக்கிறீர்கள். கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையை இன்றைய செய்முறை அறிக்கையிலேயே பழகுங்கள்.