வழிகாட்டும் செயலிகள், கண்காணிக்கும் கருவிகள்: பொறுப்பேற்பது யார்?

புதுடெல்லி: உத்தரப் பிரதேசத்தின் பரேலி, பதாயூன் மாவட்டங்களுக்கு இடையே ஓடும் ராம்கங்கா ஆற்றின் பாலத்திலிருந்து 2024-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி கார் ஒன்று கீழே விழுந்தது. அதில் பயணம் செய்த மூவரும் உயிரிழந்தனர். பாலத்தின் ஒரு பகுதியை முந்தைய ஆண்டின் வெள்ளம் அடித்துச் சென்றிருந்தது. காரில் வந்தவர்கள் கைபேசி காட்டிய வழியை நம்பி வந்ததாகக் கூறப்பட்டது. பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் நால்வர் மீதும், கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவர் மீதும் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது.

சாலையைப் பராமரிக்க வேண்டியவர்களும் அதை வரைபடத்தில் காட்டியவர்களும் ஒரே வழக்கில் இடம்பெற்றது புதிய நிகழ்வு. பாலம் இல்லாத இடத்தில் தடுப்புச் சுவர் எழுப்புவது அரசின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால், இல்லாத பாலத்தை இருப்பதாகக் காட்டும் வரைபடத்துக்கு யார் பொறுப்பு? கோடிக்கணக்கான இந்தியர்கள் அன்றாடம் வழிகாட்டிச் செயலிகளை நம்பி வண்டி ஓட்டும் நிலையில், இந்தக் கேள்வி ஒரு மாவட்டத்தோடு நிற்பதன்று. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் கேரளத்தின் கொச்சி அருகே கனமழையில் கார் பெரியாற்றில் பாய்ந்து இளம் மருத்துவர்கள் இருவர் உயிரிழந்தபோதும் இதே விவாதம் எழுந்தது.

ராணுவக் கருவி கைபேசிக்குள் வந்த கதை

ஜிபிஎஸ் எனப்படும் செயற்கைக்கோள் இடங்காட்டி அமைப்பை அமெரிக்கா ராணுவப் பயன்பாட்டுக்காக உருவாக்கியது. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையின் துல்லியத்தை அந்நாடு நீண்டகாலம் வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அதன் பிறகே காரிலும் கைபேசியிலும் வழிகாட்டும் சேவை நடைமுறைக்கு ஏற்றதாயிற்று. 2005-இல் கூகுள் மேப்ஸ் அறிமுகமானது.

இந்தியாவில் இந்தச் சேவை பெருகியதற்கு 2016-க்குப் பின் இணையக் கட்டணம் சரிந்தது முக்கியக் காரணம். வாடகை கார் செயலிகளும் உணவு விநியோகச் செயலிகளும் அதே காலத்தில் வளர்ந்தன. இருசக்கர வாகனங்கள் மிகுந்த நாடு என்பதால், அவற்றுக்கென தனி வழிகாட்டும் வசதியை 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் கூகுள் முதலில் இந்தியாவிலேயே அறிமுகப்படுத்தியது.

வரைபடத் துறைக்கான சட்டச் சூழலும் மாறியது. பாதுகாப்புக் காரணங்களுக்காக வரைபடத் தயாரிப்பில் இருந்த முன்அனுமதிக் கட்டுப்பாடுகளை மத்திய அரசு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பெருமளவு தளர்த்தியது. அதிநுட்பத் தரவுகளைத் திரட்டும் உரிமை இந்திய நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, முன்னர் அனுமதி மறுக்கப்பட்ட தெருக்காட்சி சேவை 2022-ஆம் ஆண்டு ஜூலையில் உள்நாட்டு நிறுவனங்களின் துணையோடு பத்து நகரங்களில் தொடங்கியது.

இன்று இத்துறையில் போட்டி கடுமையாகியுள்ளது. 1995-இல் தொடங்கப்பட்ட மேப்மைஇந்தியா நிறுவனம் உள்நாட்டு வரைபடச் சந்தையில் நெடுநாள் அனுபவம் கொண்டது. 2024-ஆம் ஆண்டு ஜூலையில் ஓலா நிறுவனம் கூகுள் வரைபடத்தைக் கைவிட்டு, தனது சொந்த வரைபடத்துக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல், இந்தியாவில் தனது வரைபடச் சேவையைப் பயன்படுத்தும் நிறுவனங்களுக்கான கட்டணத்தை கூகுள் 70 சதவீதம் வரை குறைத்தது.

வரைபடம் எதை அறியும்? எதை அறியாது?

விபத்துகளைப் புரிந்துகொள்ள, செயலி இயங்கும் முறையை அறிவது அவசியம். கைபேசி, குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகளைப் பெற்றுத் தனது இடத்தைக் கணக்கிடுகிறது. இந்தப் பகுதி பெரும்பாலும் துல்லியமானது. சாலை நெரிசல் குறித்த தகவலோ, அதே சாலையில் செல்லும் பிற கைபேசிகளின் வேகத்திலிருந்து பெறப்படுகிறது. நூறு வண்டிகள் ஊர்ந்தால் அந்தச் சாலை சிவப்பாகக் காட்டப்படும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. பெருநகரச் சாலை அடைக்கப்பட்டால், சில நிமிடங்களில் நூற்றுக்கணக்கான கைபேசிகள் வேறு வழியில் திரும்புவதைச் செயலி கவனித்துவிடும். ஆனால், ஊர்ப்புறத்தில் உடைந்த பாலத்தின் பக்கம் யாருமே செல்வதில்லை. வண்டிகள் இல்லாத அமைதியை நெரிசல் இல்லாத நல்ல சாலை என்று கணினி தவறாகக் கொள்ளக்கூடும். மழையில் மூழ்கிய தரைப்பாலமும், லாரி நுழைய இயலாத சந்தும், படிக்கட்டில் முடியும் மலைப்பாதையும் இவ்வாறே பயணிகளை ஏமாற்றுகின்றன.

பாலம் உடைந்த செய்தியை முதலில் அறிவது உள்ளூர்ப் பொறியாளரும் காவல் நிலையமும்தான். அந்தத் தகவல் கோப்பில் பதிவாகிறது. சில வேளைகளில் நாளிதழிலும் வருகிறது. ஆனால், அது வரைபட நிறுவனங்களின் கணினியைச் சென்றடைய ஒழுங்கான பாதை இல்லை. தேசிய நெடுஞ்சாலை, மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை, ஊராட்சிச் சாலை என வெவ்வேறு துறைகளின் கீழ் இருக்கும் சாலைகளின் நிலையை ஒரே இடத்தில் திரட்டித் தரும் ஏற்பாடு இன்னும் உருவாகவில்லை. நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் உயிரிழந்ததை மத்திய அரசின் அறிக்கை பதிவு செய்துள்ளது. இவற்றில் செயலியால் நேர்ந்தவை மிகச் சிலவாகவே இருக்கலாம். எனினும், ஒரு தகவல் பரிமாற்றத்தால் தவிர்க்கக்கூடியவை என்பதால் அவை தனிக் கவனம் பெறுகின்றன.

பேருந்திலும் லாரியிலும் கண்காணிப்பு

வழிகாட்டும் தொழில்நுட்பத்தின் மறுபக்கம் வாகனக் கண்காணிப்பு. வண்டியில் பொருத்தப்படும் சிறு கருவி தனது இருப்பிடத்தைக் கணக்கிட்டு, அதனுள் இருக்கும் சிம் அட்டை வழியாக மையக் கணினிக்கு இடைவிடாது அனுப்புகிறது. லாரி உரிமையாளருக்கு இது சரக்கின் பாதுகாப்பு, டீசல் கணக்கு, ஓட்டுநர் வழிமாறிச் சென்றாரா என்பதற்கான சான்று. பேருந்துக்குக் காத்திருக்கும் பயணிக்கோ நேர மிச்சம். சென்னை மாநகரப் பேருந்துகளின் வருகையைக் கைபேசியில் அறிவதும், ரயில் இன்ஜின்களில் பொருத்தப்பட்ட இஸ்ரோ தொழில்நுட்பக் கருவிகள் வழியாக ரயில் ஓடும் நிலையை அறிவதும் இவ்வகையே.

2012-ஆம் ஆண்டு டிசம்பரில் டெல்லி பேருந்தில் நடந்த கொடூரக் குற்றத்துக்குப் பின், இது பெண்கள் பாதுகாப்போடு இணைந்த கோரிக்கையாயிற்று. பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடங்காட்டும் கருவியும் அவசரகாலப் பொத்தானும் கட்டாயம் என 2016-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை வெளியிட்டது. இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. முதலில் 2018 ஏப்ரல் என்றிருந்த தொடக்க நாள், புதிய வாகனங்களுக்கு 2019 ஜனவரி 1 என்று தள்ளிவைக்கப்பட்டது. மாநிலங்களில் கண்காணிப்பு மையங்கள் அமைக்க நிர்பயா நிதியின் கீழ் திட்டமும் வகுக்கப்பட்டது.

கருவியைப் பொருத்துவது எளிது. அதற்குச் செவிசாய்ப்பதே கடினம். அவசரப் பொத்தானை ஒரு பெண் அழுத்தும்போது, மறுமுனையில் அதைப் பார்க்க ஓர் ஊழியரும், உடனே புறப்பட ஒரு காவல் வாகனமும் இல்லையெனில், அந்தப் பொத்தான் வெறும் பிளாஸ்டிக் துண்டே. தகுதிச் சான்றுக்காக மட்டும் பொருத்தப்பட்டு, பின்னர் கவனிக்கப்படாமல் போகும் கருவி, பாதுகாப்பு இருப்பதான பொய்யான நம்பிக்கையையே தரும்.

சொந்தச் செயற்கைக்கோள், பாதி வழியில்

இந்தச் சேவைகள் அனைத்தும் அடித்தளத்தில் அயல்நாட்டு அமைப்பைச் சார்ந்திருப்பது மற்றொரு கவலை. அதற்கு விடையாக இஸ்ரோ உருவாக்கியதே நேவிக். இதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையிலும், ஏழாவது 2016 ஏப்ரலிலும் விண்ணில் செலுத்தப்பட்டன. ஆனால், அணுக்கடிகாரங்களின் பழுது இத்திட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியது. உள்நாட்டு அணுக்கடிகாரத்துடன் 2023 மே மாதம் சென்ற என்விஎஸ்-01 வெற்றி பெற்றது. 2025 ஜனவரி 29-இல் ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதலில் சென்ற என்விஎஸ்-02 உரிய சுற்றுப்பாதையை எட்டவில்லை.

அதுவரை ஏவப்பட்ட 11 செயற்கைக்கோள்களில் நான்கு மட்டுமே இடங்காட்டும் சேவையை அளித்து வருவதாக 2025-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இடத்தைக் கணக்கிடத் தேவைப்படும் குறைந்தபட்ச எண்ணிக்கையும் நான்குதான் என்பதை நோக்கும்போது, இந்த அமைப்பில் மாற்றுக்கு இடமின்றிப் போனது புலப்படும். செயற்கைக்கோள் வழிச் சுங்கக் கட்டணத்துக்கு 2024 செப்டம்பரில் விதிகள் திருத்தப்பட்டன. எனினும், 2025 மே 1 முதல் அது நாடெங்கும் அமலாகும் என்ற செய்தியை அமைச்சகம் மறுத்தது.

இருப்பிடம் யாருக்குச் சொந்தம்?

ஒருவர் எங்கே இருக்கிறார் என்ற தகவல், அவர் எந்த மருத்துவரிடம் செல்கிறார், எங்கே வழிபடுகிறார், யாரைச் சந்திக்கிறார் என்பதையெல்லாம் சொல்லிவிடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-இல் தீர்ப்பளித்தது. அதன் நீட்சியாக, ஜாமீனில் வெளிவந்தவர் தனது இருப்பிடத்தைக் கூகுள் மேப்ஸ் வழியாகக் காவல்துறைக்குக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என 2024 ஜூலை 8-இல் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு தீர்ப்பளித்தது. ஜாமீன் பெற்றவரின் ஒவ்வோர் அசைவையும் தொடர்ந்து கண்காணிப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவுக்கு முரணானது என்பது அதன் சாரம்.

குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, உழைப்பவருக்குக் கிடைக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. சண்டீகர், பஞ்ச்குலா, நாக்பூர் போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு இருப்பிடங்காட்டும் கைக்கடிகாரங்கள் அணிவிக்கப்பட்டன. சண்டீகரில் பணியாளர்கள் போராடினர். விநியோகப் பணியாளர்களின் ஒவ்வொரு நிறுத்தமும் செயலியில் பதிவாகிறது. தாமதத்துக்குக் காரணம் வரைபடத்தின் பிழையாக இருந்தாலும், அதற்கு விளக்கம் தர வேண்டியவராக ஓட்டுநரே நிற்கிறார்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொதுவாக ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது. ஆனால், வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்கும், நிறுவனத்தை இழப்பிலிருந்து காப்பதற்கும் ஒப்புதலின்றியே தரவைக் கையாள அதன் 7-ஆவது பிரிவு இடமளிக்கிறது. பணிநேரம் முடிந்த பின்னும் ஊழியரைக் கண்காணிக்கலாமா, பழைய பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பவை இந்தச் சூழலில் எளிதில் கடந்துசெல்லக்கூடிய கேள்விகள் அல்ல.

தேவைப்படுவது என்ன?

தீர்வுகள் தொழில்நுட்பத்தைவிட நிர்வாகத்தையே அதிகம் சார்ந்தவை. சாலை அடைப்பு, பால உடைப்பு, வெள்ளம் ஆகிய தகவல்களை அனைத்து வரைபட நிறுவனங்களும் உடனுக்குடன் பெறும் வகையில் வெளியிடும் கடமை சாலைத் துறைகளுக்கு விதிக்கப்படலாம். அத்தகைய அறிவிப்பைப் பெற்ற நிறுவனம் எத்தனை மணி நேரத்துக்குள் வரைபடத்தைத் திருத்த வேண்டும் என்ற வரையறையும் அதோடு சேர்ந்து வர வேண்டும். அப்போதுதான் பொறுப்பு எங்கே தவறியது என்பதை நீதிமன்றம் பிரித்தறிய இயலும். வாகனக் கண்காணிப்பில், பொருத்தப்பட்ட கருவிகளின் எண்ணிக்கையைவிட, பொத்தான் அழுத்தப்பட்டு உதவி சென்று சேர்ந்த நேரமே அளவுகோலாக வேண்டும்.

பயணிகளுக்கும் பங்கு உண்டு. அறிமுகமில்லாத ஊர்ப்புறச் சாலையில், அதிலும் இரவிலும் மழையிலும், குறுக்கு வழியைத் தவிர்த்து முதன்மைச் சாலையில் செல்வதும், ஐயம் எழுந்தால் வண்டியை நிறுத்தி உள்ளூர்வாசியிடம் கேட்பதும் உயிர் காக்கும். ஆனால், அந்த எச்சரிக்கை அரசையோ நிறுவனத்தையோ கடமையிலிருந்து விடுவித்துவிடாது. ராம்கங்கா பாலத்தின் அறுந்த முனையில் வலுவான தடுப்புச் சுவர் ஒன்று இருந்திருந்தால், வரைபடத்தின் பிழை மூன்று உயிர்களைப் பறித்திருக்காது.