மரக் கொசு பறக்கட்டுமா?

பழைய விமானத்தைப் பறக்க விடுவதா, கண்ணாடி போல் துடைத்து மியூசியத்தில் நிறுத்துவதா? விமானப் பிரியர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் சண்டையே வந்துவிடும். எனக்கு இதில் ஒரு கட்சி உண்டு. அதைச் சொல்வதற்கு முன், ஒரு 'கொசு'வின் கதை.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டி ஹாவிலண்ட் நிறுவனம் தயாரித்த விமானம் மஸ்கிட்டோ. உடம்பும் இறக்கையும் மரம்! எடை குறைந்த பால்சா மரத்தை நடுவில் வைத்து, இரு பக்கமும் பிர்ச் ஒட்டுப்பலகையைப் பசை போட்டு ஒட்டினார்கள். மேஜை, நாற்காலி செய்த தச்சர்களும் இந்த வேலையில் இறங்கினார்கள். 7,700-க்கும் மேல் தயாரானது.

போர் முடிந்ததும் ஒவ்வொன்றாக மறைந்தன. மழையில் நனைந்தால் மரம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1996-ல் பறந்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஆண்டு ஜூலையில், மான்செஸ்டர் அருகே பார்ட்டனில் நடந்த விமானக் கண்காட்சியில் அதுவும் விழுந்தது. உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள்.

"இதற்குத்தான் சொன்னோம், மியூசியத்தில் வையுங்கள் என்று!" என்றது ஒரு தரப்பு. நியாயமான கோபம். இயந்திரம் போனது மட்டுமல்ல, இரண்டு உயிர்களும் போயின.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. நியூஸிலாந்தில் அச்சுகளைப் புதிதாகச் செய்து, மர உடம்பை மறுபடி வார்த்தெடுத்தார்கள். 2012-ல் ஆக்லாந்து அருகே மஸ்கிட்டோ ஒன்று மீண்டும் வானில் ஏறியது. பறக்க வேண்டும் என்ற ஆசை இல்லாவிட்டால், மறந்துபோன அந்தத் தச்சு வேலையை யார் மெனக்கெட்டுக் கற்றிருப்பார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1940 நவம்பரில் முதன்முதலில் பறந்த மஸ்கிட்டோ, லண்டனுக்கு வடக்கே சாலிஸ்பரி ஹாலில், தான் உருவான இடத்திலேயே மியூசியத்தில் நிற்கிறது. அன்று ஒட்டிய மரத்தை, அன்றைய கைவேலையை அதில்தான் பார்க்க முடியும். அது விழுந்து நொறுங்கினால், எத்தனை கோடி கொட்டினாலும் 'முதல் விமானம்' திரும்பி வராது.

ஆகவே என் கட்சி இதுதான்: ஒன்றே ஒன்றாக மிஞ்சியது தரையில் இருக்கட்டும். மறுபடி செய்ய முடிந்தது பறக்கட்டும். அதுவும், தலைக்கு மேலே வித்தை காட்டாமல், கூட்டத்தை விட்டு விலகிப் பறக்கட்டும். வேடிக்கை பார்க்க வரும் குடும்பங்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும், இல்லையா?