கேட்டா படிச்சதா கணக்கா?

ரொம்ப நாளா இந்தப் பதிவு பாக்கி. ப்ராஜெக்ட் ரிலீஸ், அது இதுன்னு தள்ளிக்கிட்டே போச்சு. இந்த ஆறு மாசத்துல படிச்சது, கேட்டது எல்லாத்தையும் இன்னைக்குக் கொட்டிடறேன். டிஸ்கி: இது விமர்சனம் இல்லை மக்களே. எனக்குத் தோணினது, அவ்வளவுதான்.

மொதல்ல ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஒலிநூல் கேக்கறவங்களை நான் கொஞ்சம் இளக்காரமாத்தான் பார்ப்பேன். டீம்ல ஒருத்தர் "பொன்னியின் செல்வன் முடிச்சுட்டேன்"னு சந்தோஷமா சொன்னப்ப, "படிச்சீங்களா, கேட்டீங்களா?"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்ட புண்ணியவான் நான்தான். மனுஷன் முகமே சுருங்கிப் போச்சு.

அதுக்கான பலன் வீட்டுலயே காத்துக்கிட்டு இருந்துச்சு.

அப்பா ரிடையர்ட் தமிழ் வாத்தியார். எனக்குப் புத்தகப் பைத்தியம் பிடிச்சதே அவராலதான். பூமணியோட 'அஞ்ஞாடி'யை வாங்கிக் குடுத்திருந்தேன். 2012ல க்ரியா போட்டது, 2014ல சாகித்ய அகாதமி விருது வாங்கினது, ஆயிரம் பக்கத்துக்கு மேல. தலகாணியா வெச்சுத் தூங்கலாம். வாரக்கடைசியில கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, செஞ்சி தாண்டி, திருவண்ணாமலையில இறங்கி வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் "எவ்ளோ தூரம்பா வந்திருக்கு?"ன்னு கேப்பேன். "போயிக்கிட்டிருக்கு"ன்னுவார். மூணு மாசம் கழிச்சு எதேச்சையா எடுத்துப் பார்த்தா, அடையாளத்துக்கு வெச்ச பஸ் டிக்கெட் அறுபதாம் பக்கத்துலயே இருக்கு.

சர்க்கரை கண்ணைத் தொட்டுடுச்சு. யார்கிட்டயும் சொல்லலை. பேப்பரைக்கூட தலைப்பு மட்டும் பார்த்துட்டு மடிச்சு வெச்சிருக்கார், நாங்கதான் கவனிக்கலை. கண்ணுல ஊசி போட்டாங்க. இனிமே ரொம்ப மோசமாகாம பார்த்துக்கலாம், போன பார்வை முழுசா வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.

சரின்னு போன்ல ஒலிநூல் போட்டுக் குடுத்தேன். ரெண்டே நிமிஷம். "எவனோ படிக்கிறதை நான் ஏன்டா கேக்கணும்? இதுக்குப் பேரு படிக்கிறதா?"ன்னு போனைத் திருப்பிக் குடுத்துட்டார். அப்படியே என் டயலாக்!

அவரை வழிக்குக் கொண்டு வரணும்னா நான் மொதல்ல கேட்டுப் பார்க்கணுமே. கிரிவலப் பாதை இருக்கவே இருக்கு, 14 கிலோமீட்டர். பௌர்ணமி கூட்டத்துல முடியாது, சாதாரண நாள்ல ராத்திரி கிளம்பிட்டேன். ("சாமி சுத்தறப்ப காதுல என்னடா அது?" - அம்மா.) பொன்னியின் செல்வன் கணக்கா லிங்கத்துக்கு ஒரு அத்தியாயம். இந்திர லிங்கத்துல ஆரம்பிச்சா, ஈசான்ய லிங்கம் வர்றதுக்குள்ள வந்தியத்தேவன் ஏழெட்டு ஆபத்துல மாட்டி வெளிய வந்துடறான். 1950ல ஆரம்பிச்சு வாராவாரம் கல்கியில தொடரா வந்தது இல்லையா, ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கொக்கி போட்டுத்தான் முடியும். காதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. படிச்சப்ப நான் தாண்டிப்போன வர்ணனை எல்லாம் இப்பத்தான் முழுசா உள்ள போச்சு. அப்ப யாரு ஒழுங்கா 'படிச்சது', நானா அந்த டீம் ஆளா?

அடுத்து கி.ரா.வோட 'கோபல்ல கிராமம்'. 1976ல வந்த நாவல். ஆந்திராவுல இருந்து தப்பி வந்த கதையை ஒரு வயசான பாட்டி சொல்லுது. புத்தகத்துல அது அச்சு, காதுல கேட்டா நிஜமாவே பாட்டி. ஆதி அண்ணாமலை கிட்ட நடக்கிறதை நிறுத்திட்டு ஒரு திண்டுல உக்காந்துட்டேன்.

ஆனா எல்லாமே இப்படி இல்லைங்க. அசோகமித்திரனோட 'தண்ணீர்' ஒரு பதிவு கிடைச்சுது. பின்னணியில வயலின் அழுவுது, படிக்கிறவர் குரலும் அழுவுது. அந்த மனுஷன் எதையும் சத்தம் போட்டு சொல்லாம, குடத்தையும் குழாயையும் மட்டும் காட்டிட்டு நகர்ந்துடுவார். ஜமுனாவுக்கு நாம எங்க வருத்தப்படணும்ங்கிறதை நாமதான் முடிவு பண்ணணும். அதை இன்னொருத்தர் முடிவு பண்ணிட்டா அது வேற புத்தகம். யமலிங்கம் வர்றதுக்குள்ள நிறுத்திட்டேன். அப்பா சொன்னதுலயும் பாதி நியாயம் இருக்கு.

மீதிப் பாதிக்கு ஒரு கொசுவத்தி. எங்க ஆயாவுக்குக் கையெழுத்து கூடப் போடத் தெரியாது. ஆனா மகாபாரதம் மொத்தமும் தெரியும். எங்க பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்கள்ல அக்னி வசந்த விழா நடக்கும். பகல்ல பாரதப் பிரசங்கம், வில்லிபாரதத்தைப் பாடிப் பாடிப் பொருள் சொல்லுவாங்க. ராத்திரி கூத்து. அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவாங்க. கடைசியில மண்ணுல ராட்சச சைஸ் துரியோதனன் செஞ்சு படுகளம், அப்புறம் தீமிதி. ஆயா அம்பது வருஷத்துக்கு மேல இதைக் கேட்டது. நான் கர்ணன் கதையை ஸ்கூல் புத்தகத்துல பார்த்துட்டு தப்பா சொன்னா, பூ கட்டிக்கிட்டே திருத்தும்.

இதைத்தான் அப்பாகிட்ட கேட்டேன். "உங்கம்மா பாரதம் படிச்சதில்லைன்னு சொல்லுவீங்களா?" பதில் வரலை. எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டார்.

அடுத்த வாரம் போனப்ப, "அந்த கி.ரா.வைப் போடுடா"ன்னார். இப்ப தினம் மத்தியானம் கேக்கறார். கூடவே பஞ்சாயத்தும் நடக்குது: "இந்த ஆளு ழகரத்தைக் கொலை பண்றான்டா." தண்டனையா நாலு தடவை அதே வரியைத் திருப்பிப் போடச் சொல்றார் :-)

அஞ்ஞாடிக்கு மட்டும் எனக்கு ஒலிநூல் எதுவும் சிக்கலை. அதனால நான் இன்னொரு பிரதி வாங்கி சென்னையில வெச்சிருக்கேன். ராத்திரி ஒன்பதரைக்கு போன் போட்டு நாலு பக்கம் படிக்கிறேன். கரிசக்காட்டுப் பேச்சு என் வாயில நுழைய மாட்டேங்குது, அவர்தான் நிறுத்தி நிறுத்தித் திருத்தறார். நாள் தவறாம படிச்சா எட்டு மாசத்துல முடியும். தவறும். நேத்து எண்பத்தேழாம் பக்கம்.

டீம்ல அந்த மனுஷன்கிட்ட இன்னும் ஸாரி சொல்லலை. திங்கக்கிழமை சொல்லணும். ஆமா, தண்ணீரை அழாம படிச்ச பதிவு யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்கப்பா.