ஹேண்டில்பாருக்கும் ஓர் அளவு வேண்டும்

சந்தையிலிருந்து சரக்கு கொண்டு வரவும், வாடிக்கையாளர் வீட்டுக்கு மளிகை கொண்டு கொடுக்கவும் நம்மில் பலருக்கு இரு சக்கர வாகனமே துணை. முன்னால் வைக்கும் மூட்டை இடிக்கிறது என்று ஹேண்டில்பாரை உயர்த்திப் போட நினைப்போரும் உண்டு. அழகுக்காக உயர்த்தும் இளைஞர்களும் உண்டு. இருவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறு கடைக்காரருக்கு இது ஒரு நாள் லாபத்தில் தீரும் தொகை அல்ல.

சட்டத்தின் நோக்கத்தில் நமக்கு மாறுபாடு இல்லை. தோளுக்கு மேல் கையைத் தூக்கிப் பிடித்து ஓட்டினால் கை மரத்துப் போகும். வளைவில் வண்டி பிடிக்கு அடங்காது. பிரேக், கிளட்ச் கேபிள்கள் நீளம் போதாமல் இழுபட்டால் ஆபத்து வேறு.

ஆனால் பதிவுச் சான்றில் ஹேண்டில்பார் உயரத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. 'வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றுவதே மாற்றம்' என்பது சட்டம் தரும் விளக்கம். இரண்டு அங்குலம் உயர்த்தினால் அடிப்படை மாறிவிடுமா? இதற்கு விடை சாலையில் நிற்கும் அதிகாரியின் எண்ணத்தைப் பொறுத்தது என்றால், வாக்குவாதத்துக்கும் வேறு பலவற்றுக்கும் அங்கே இடம் உண்டாகிறது.

உயர்ந்த ஹேண்டில்பார் மோகம் மிகுந்த அமெரிக்காவில் பல மாநிலங்கள் இதற்கு அளவே சொல்லிவிட்டன. நியூயார்க்கில் கைப்பிடி ஓட்டுபவரின் தோளுக்கு மேல் போகக் கூடாது. கலிபோர்னியாவில் கை தோளுக்கு மேல் 6 அங்குலம் வரை இருக்கலாம். ஜார்ஜியாவில் இருக்கையிலிருந்து 25 அங்குலம். இவற்றில் இருக்கையிலிருந்து அளப்பதே நேர்மையானது என்பது நம் கருத்து. தோளை வைத்து அளந்தால், உயரமான அண்ணன் ஓட்டும்போது சரியாக இருக்கும் வண்டி, குட்டையான தம்பி ஓட்டும்போது குற்றமாகிவிடும். ஆளுக்கு ஆள் மாறுவது அளவுகோல் ஆகுமா?

நம் எலக்ட்ரானிக் தராசை ஆண்டுதோறும் முத்திரைக்குக் கொண்டு போகிறோம். இவ்வளவு பிழை வரை ஏற்கலாம் என்று அங்கே எண் இருக்கிறது. அந்த எண் அதிகாரிக்கும் வணிகருக்கும் பொது. வாகனத்துக்கும் அப்படி ஓர் எண் இருந்தால் மெக்கானிக் கடையிலேயே டேப் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஆகவே, 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில், இருக்கையிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் என்று தெளிவாக வரையறுக்குமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை வணிக நண்பர்கள் கம்பெனி கொடுத்த ஹேண்டில்பாரை அப்படியே வைத்திருப்பதே நல்லது. விபத்து நேர்ந்தால், அனுமதியற்ற மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் தொகைக்குத் தகராறு வரவும் கூடும். மூட்டை இடித்தால் மூட்டையைக் குறையுங்கள்; இன்னொரு நடை போனால் போகிறது.