பயிற்சிக்குக் காசு கொடுப்பது யார்?

திருப்பூர்ச் சுவர்களில் இரண்டு வகை நோட்டீசுகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன. ஒன்று பழையது: "ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை." மற்றது புதியது: "ஆறே மாதத்தில் ஐ.டி. வேலை, சர்வதேச சர்டிபிகேட், நூறு சதவீத வேலை உத்தரவாதம்." முதல் நோட்டீசைப் பார்த்துப் போகிற தொழிலாளி கூலி வாங்கப் போகிறார். இரண்டாவதைப் பார்த்துப் போகிறவரும் பெரும்பாலும் அதே தொழிலாளிதான். ஆனால் அவர் பணம் கட்டப் போகிறார், தம் மகனுக்காக, மகளுக்காக.

அவரை நாம் குறை சொல்ல மாட்டோம். இருபது வருஷம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்த தகப்பனும், காங்கயம், தாராபுரம் பக்கம் அடுத்தவன் காட்டில் களை வெட்டி முதுகு வளைந்த தாயும், பிள்ளையாவது நிழலில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று நினைப்பது நியாயமான ஆசை. அந்த ஆசையை வைத்து வியாபாரம் நடக்கிறதே, அதைப்பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

"பயிற்சி" என்ற சொல் நம் பகுதிக்குப் புதிதல்ல. நூற்பு மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க முடியாது. தென் மாவட்டங்களிலிருந்து ஏழைக் குடும்பத்துப் பெண்களைக் கூட்டி வந்து, ஹாஸ்டலில் அடைத்து வைத்து, மூன்று வருஷம் வேலை வாங்கினார்கள். முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ மொத்தமாகத் தருவோம், கலியாணத்துக்கு ஆகும் என்றார்கள். அவ்வளவு நாளும் அந்தப் பெண்ணுக்குப் பெயர் தொழிலாளி அல்ல, "பயிற்சியாளர்". பயிற்சியாளர் என்பதால் கூலி குறைவு. அவர்கள் நூற்ற நூலைப் "பயிற்சி நூல்" என்று குறைந்த விலைக்கா விற்றார்கள்? 2008-ல் பஞ்சாலைப் பயிற்சியாளருக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று தமிழக அரசு நிர்ணயித்தபோது, முதலாளிமார் அதை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறினார்கள்.

சட்டத்திலேயே இந்த ஓட்டை இருக்கிறது. 1961-ஆம் வருஷத்து தொழிற்பயிற்சியாளர் சட்டத்தின் 18-வது பிரிவு, பயிற்சி பெறுகிறவர் பயிற்சியாளரேயன்றித் தொழிலாளி அல்ல என்று சொல்கிறது. ஆனாலும் அந்தச் சட்டத்தில் ஒரு நியாயம் மிச்சமிருந்தது. பயிற்சி கொடுப்பது முதலாளியின் பொறுப்பு; பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை கொடுப்பதும் அவர் பொறுப்பு. பனியன் கம்பெனியிலும் அப்படித்தானே? கைமடியாக நுழைகிற பையன் டெய்லர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து மிஷினில் உட்காருகிறான். கூலி சொற்பந்தான், ஆனால் கற்றுக்கொள்வதற்கு அவன் காசு கட்டியதில்லை.

ஐ.டி. தொழிலில் இந்த நியாயமும் தலைகீழாகிவிட்டது. அங்கே வேலைக்குத் தேவையான கல்வியைத் தொழிலாளி தன் காசில் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வர வேண்டும். நகையை அடகு வைத்தாவது, வட்டிக்கு வாங்கியாவது கட்டணம் கட்ட வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் நஷ்டம் அவனுக்கு. கிடைத்தால், தயாரான ஆள் கம்பெனிக்கு இலவசம்.

சர்டிபிகேட் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம். நம் வீடுகளில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரியாத இடத்தில்தான் ஏமாற்று நடக்கும். அரசு ஐ.டி.ஐ.யில் படித்து வாங்கிய சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஐ.டி. உலகத்துச் சர்டிபிகேட்டுகளில் பெரும்பாலானவை அரசு கொடுப்பவை அல்ல; அமெரிக்கக் கம்பெனிகள் தங்கள் சரக்கைக் கையாளத் தெரிந்தவர் என்று கொடுக்கும் சீட்டுகள். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் வேலைக்கு சிஸ்கோ கம்பெனியின் சி.சி.என்.ஏ. தேர்வு இருக்கிறது. அதற்குக் கட்டணம் 300 டாலர், நம் காசில் 25,000 ரூபாய்க்கு மேல். தேறினால் மூன்று வருஷம் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அமேசானின் சர்டிபிகேட்டும் மூன்று வருஷந்தான். மைக்ரோசாப்டின் பல சர்டிபிகேட்டுகளுக்கு ஆயுள் ஒரே வருஷம். ஆனால் அதைப் புதுப்பிக்கக் காசு கேட்பதில்லை.

இந்தச் சீட்டுகள் வெறும் ஏமாற்று என்று நாம் சொல்லவில்லை. ஒழுங்காகப் படித்துத் தேறியவனுக்கு வேலை தெரியும். சில இடங்களில் கதவு திறக்கவும் செய்யும். ஆனால் இது ரேஷன் கார்டு மாதிரி உரிமைச் சீட்டு அல்ல. காட்டினால் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. நோட்டீசு ஒட்டுகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் அச்சடிப்பதில்லை.

சரி, பெரிய கம்பெனிக்குள் நுழைந்தே விட்டான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு என்ன? இன்போசிஸ் 2022-ல் பல வாலிபர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, இரண்டு வருஷம் காக்க வைத்து, 2024-ன் பிற்பகுதியில்தான் வேலைக்கு அழைத்தது. மைசூர் வளாகத்தில் பயிற்சி கொடுத்து, கம்பெனிக்குள்ளேயே தேர்வு வைத்து, மூன்று முறையும் தேறவில்லை என்று 2025 பிப்ரவரியில் 300-க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றியது. பட்டம் இருந்தது, வேலை உத்தரவு இருந்தது, பயிற்சியும் நடந்தது. ஆனால் வேலை இல்லை. அதே வருஷம் ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் உலகெங்கும் சுமார் 12,000 பேரை ஆட்குறைப்பு செய்யப் போவதாக அறிவித்தது. அந்தப் பட்டியலில் பலவருஷ அனுபவம் உள்ள நடுத்தர, மேல்நிலை ஊழியர்கள்தான் அதிகம். திறமை போதவில்லை என்றும், புதுத் தொழில்நுட்பத்துக்கு ஏற்ற ஆட்கள் இல்லை என்றும் இப்போது காரணம் சொல்கிறார்கள். மில்லில் ஆட்டோகோனர் வந்தபோது கோன் வைண்டிங் பெண்களுக்குச் சொன்ன காரணம் இதிலிருந்து எவ்வளவு தூரம்?

சம்பளத்தையும் சொல்லிவிடுவோம். 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் கம்பெனி, பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு வருஷத்துக்கு 2 லட்சத்து 52 ஆயிரம் ரூபாய் என்று அறிவித்தது, ஊரே பேசியது. மாதம் 21,000. அதில் சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் போக வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது எவ்வளவு? பீஸ் ரேட்டில் ஒன்றரை ஷிப்டு ஓட்டுகிற பேட்லாக் டெய்லர் தம் வாரச் சம்பளத்தை நான்கால் பெருக்கிப் பார்த்துக்கொள்ளட்டும். பத்து வருஷம் கழித்து மேலே போகும் வழி ஐ.டி.யில் இருக்கிறது, தையல் மிஷினில் இல்லை என்பது உண்மைதான். அந்தப் பத்து வருஷத்தைத் தாங்குவது யார் என்பதே நம் கேள்வி.

அப்படியானால் பிள்ளைகள் படிக்க வேண்டாமா? கட்டாயம் படிக்க வேண்டும். பனியன் தொழில் மட்டும் நிரந்தரம் என்று யார் சொன்னார்கள்? 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நாம் பட்ட பாடும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஷிப்டுகள் குறைந்ததும் நினைவிருக்கிறது. இன்னொரு தொழில் கையில் இருப்பது நல்லதே. ஆனால் காசு கட்டுமுன் காசில்லாத வழிகளைத் தட்டிப் பாருங்கள். அரசு ஐ.டி.ஐ.களில் "கோபா" என்று ஒரு வருஷக் கம்ப்யூட்டர் படிப்பு உண்டு. ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைப் படிக்கக் கட்டணம் இல்லை. தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் பாடத்துக்கு 1,000 ரூபாய். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு, வெளியே ஆயிரக்கணக்கில் விற்கும் பாடங்கள் இலவசமாகவே கொடுக்கப்பட்டன. பல வீடுகளில் இது தெரியாமலே தனியாருக்குப் பணம் போயிருக்கிறது.

நம் ஊருக்கே உரிய வழி ஒன்றும் இருக்கிறது. அதை யாரும் நோட்டீசில் போடுவதில்லை. பனியன் கம்பெனிகளில் பேட்டர்ன் போடுவதும், அளவுக்கு அளவு மாற்றுவதும், துணி வீணாகாமல் மார்க்கர் அடுக்குவதும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டன. துணியைத் தொட்டுப் பார்த்தே அது எவ்வளவு சுருங்கும் என்று சொல்லக்கூடிய கட்டிங் மாஸ்டருடைய பிள்ளை அந்தக் கம்ப்யூட்டரைக் கற்றால், துணியையே அறியாத பட்டதாரி அவனோடு போட்டி போட முடியாது. இது நம் அபிப்பிராயம். இந்த வேலையைக் கற்றுக் கொடுக்கும் செலவைக் கம்பெனிகளே ஏற்க வேண்டும், வேலை நேரத்திலேயே, கூலியோடு. அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சில் பஞ்சப்படிக்குப் பக்கத்தில் இந்தக் கோரிக்கையும் உட்கார வேண்டும். 1984-ல் பஞ்சப்படிக்காக மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. கேட்கத் தெரியாத ஊரல்ல.

ஐ.டி.க்குப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி உண்டு. கழுத்தில் அட்டை தொங்கினால் சங்கம் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் வைக்கலாம் என்பதைத் தமிழக அரசே 2016-ல் தெளிவாக்கிவிட்டது. 2015 ஜனவரியில் டி.சி.எஸ். வேலைநீக்கம் செய்த ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார். கம்பெனி உத்தரவைத் திரும்பப் பெற்றது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது எந்தச் சர்டிபிகேட்டும் அல்ல.

கடைசியாக, "பாண்டு" என்று நீட்டப்படும் காகிதத்தைப் பற்றி. இத்தனை வருஷம் வேலை செய்வேன், இடையில் போனால் இத்தனை லட்சம் கட்டுவேன் என்று அதில் எழுதியிருக்கும். அதைச் சும்மா ஒரு சம்பிரதாயம் என்று எண்ணாதீர்கள். ஒரு வங்கி அதிகாரி இடையில் விலகியதற்காகக் கட்டிய 2 லட்சம் ரூபாய் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படித்தும் புரியாவிட்டால் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். "வேலை உத்தரவாதம்" என்று வாயால் சொல்வதை அந்த ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பிள்ளையின் ஒரிஜினல் மார்க் ஷீட்டை மட்டும் எந்தப் பயிற்சி நிலையத்திலும் கொடுத்து வைக்காதீர்கள்.