நீதிபதியின் அங்கியும் முதலாளிகளின் சம்பளமும்: கெனசோ மவுண்டன் லாண்டிஸ் பற்றியதொரு மறுமதிப்பீடு

சமூகத்தின் சிக்கல்களைத் தனியொரு வீரபுருஷன் தீர்த்துவைத்தான் என்று கதைகட்டுவது அரசியல் வரலாற்றுக்கு மாத்திரம் உரிய நோயன்று. விளையாட்டு வரலாற்றையும் அது நெடுங்காலமாகப் பீடித்து வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய விளையாட்டெனப் போற்றப்படும் பேஸ்போலின் முதலாவது ஆணையாளரான கெனசோ மவுண்டன் லாண்டிஸ் பற்றி வழங்கும் ஐதீகம் இதற்குத் தக்க சான்றாகும். சூதாட்டக்காரரின் கையில் அகப்பட்டு அழியவிருந்த விளையாட்டை, வெண்தலையும் கடுமுகமும் கொண்ட நேர்மையாளர் ஒருவர் தனித்து நின்று காப்பாற்றினார் என்பதே அவ்வைதீகத்தின் சாரம். இக்கூற்று எத்துணை உண்மை? யாருக்காக, யாரிடமிருந்து அவர் எதைக் காப்பாற்றினார்?

லாண்டிஸ் 1866 ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தின் மில்வில் என்னுமிடத்திற் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் படையில் வைத்தியராகக் கடமையாற்றிய தந்தை, 1864 இல் ஜோர்ஜியாவின் கெனசோ மலைச் சமரிலே காயமுற்றார். மகனுக்கு அம்மலையின் பெயரே இடப்பட்டது. பள்ளிப் படிப்பை இடைநிறுத்திய லாண்டிஸ் பின்னர் சட்டம் பயின்று, 1905 இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டினால் சிக்காகோவிலுள்ள சமஷ்டி நீதிமன்றத்துக்கு நீதிபதியாக நியமிக்கப்பட்டார். 1907 இல் ஸ்டாண்டர்ட் ஒயில் நிறுவனத்துக்கு அவர் விதித்த 2,92,40,000 டொலர் தண்டம் அவரை ஒரே நாளில் நாடறிந்தவராக்கிற்று. ஏகபோக முதலாளித்துவத்தின் பகைவர் எனப் பத்திரிகைகள் அவரைக் கொண்டாடின. மறு ஆண்டே மேன்முறையீட்டில் அத்தீர்ப்புத் தள்ளப்பட்டது. அத்தண்டம் ஒருபோதும் செலுத்தப்படவில்லை. ஆயினும் புகழ் மாத்திரம் எஞ்சி நின்றது.

ஏகபோகத்தின் இப்பகைவர் வேறோர் ஏகபோகத்தின் முன் எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே உரைகல்லாகும். 1915 ஜனவரியில் பெடரல் லீக் என்னும் புதிய அமைப்பு, தேசிய லீக்கும் அமெரிக்க லீக்கும் கூட்டாக விளையாட்டுச் சந்தையைக் கைப்பற்றி வைத்துள்ளன என அவரது மன்றிலே வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கு வென்றிருப்பின், ஒரு கழகத்துடன் ஒப்பந்தஞ் செய்த வீரனை அக்கழகம் விரும்பும்வரை பிறிதொரு கழகத்துக்குச் செல்லவிடாது பிணித்து வைத்த ‘ஒதுக்கீட்டு நிபந்தனை’ ஆட்டங்கண்டிருக்கக் கூடும். லாண்டிஸ் தீர்ப்பு வழங்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டு காலம் வழக்கைக் கிடப்பிற் போட்டார். புதிய லீக்கின் பணம் கரைந்தது. டிசம்பரில் அது சமரசத்துக்கு இணங்கிக் கலைந்தது. அச்சமரசத்தை ஏற்காத பால்டிமோர் கழகம் தொடுத்த வழக்கிலேயே, 1922 இல், பேஸ்போல் மாநிலங்களுக்கிடையிலான வர்த்தகம் அன்று என்னும் விந்தையான முடிவை அமெரிக்க உயர் நீதிமன்றம் வெளியிட்டது. தீர்ப்பு வழங்காமையும் ஒரு தீர்ப்பே. அதனால் நன்மையடைந்தோர் பின்னர் அதனை மறக்கவில்லை.

முதலாளிகளிடம் இத்துணைப் பொறுமை காட்டியவர் தொழிலாளரிடம் அதனைக் காட்டினாரல்லர். 1918 இல் உலகக் கைத்தொழிற் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ நூறு பேர் யுத்த எதிர்ப்புக் குற்றச்சாட்டில் அவர் முன் நிறுத்தப்பட்டபோது, பில் ஹேவூட் உட்படப் பலருக்கு இருபதாண்டுச் சிறைத்தண்டனை விதித்தார். சோசலிஸ்டுத் தலைவர் விக்டர் பேகருக்கும் அதே தண்டனை. ஜேர்மானிய வம்சாவளியினர் மீது லாண்டிஸ் காழ்ப்புடையவரென முறையிடப்பட்ட நிலையில் அவர் அவ்வழக்கை விசாரித்திருக்கலாகாது என உயர் நீதிமன்றம் 1921 இல் கூறி, அத்தீர்ப்பை இரத்துச் செய்தது.

இத்தகையவரையே 1920 நவம்பரிற் கழக உரிமையாளர்கள் தேடிச் சென்றனர். 1919 இன் உலகத் தொடரிலே சின்சினாட்டி அணியிடம் வேண்டுமென்றே தோற்பதற்குச் சிக்காகோ வைற் சொக்ஸ் வீரர்கள் சூதாட்டக்காரரிடம் பணம் பெற்றனர் என்பது அம்பலமாகியிருந்தது. பொதுமக்களின் நம்பிக்கையே உரிமையாளரின் மூலதனம். அதனை மீட்க ஒரு நீதிபதியின் அங்கி தேவைப்பட்டது. ஆண்டொன்றுக்கு 50,000 டொலர் சம்பளம் பேசப்பட்டது. லாண்டிஸ் நீதிபதிப் பதவியையும் விடவில்லை; அதன் 7,500 டொலர் வேதனத்தை மாத்திரம் புதிய சம்பளத்திற் கழித்துக்கொள்ளச் செய்தார். சட்டத்தரணிகளின் சங்கம் கண்டித்து, காங்கிரசிலே குற்றப்பிரேரணையும் எழுந்த பின்னரே, 1922 மார்ச்சில் மன்றை விட்டு நீங்கினார். விளையாட்டின் நலனுக்குக் கேடென அவர் கருதும் எதனையும் தண்டிக்கும் அதிகாரம் அவருக்கு அளிக்கப்பட்டது. அதனை எதிர்த்து நீதிமன்றம் செல்வதில்லை என உரிமையாளர்கள் ஒப்பமிட்டனர். இந்நியமனத்தில் வீரர்களுக்கு எவ்வித குரலும் இருக்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

1921 ஓகஸ்ட் 2 ஆந் திகதி சிக்காகோ யூரர் சபை வீரர்களைக் குற்றமற்றோரென விடுவித்தது. மறுநாளே, யூரரின் முடிவு எதுவாயினும் அவ்வெட்டுப் பேரும் இனித் தொழில்முறை ஆட்டத்தில் இடம்பெறார் என லாண்டிஸ் அறிவித்தார். அவர்களுட் சிலர் பணம் பெற்றனர் என்பதில் ஐயமில்லை. ஜோ ஜாக்சன் 5,000 டொலரைப் பெற்றவரே. ஆனால் பக் வீவர் பணமெதுவும் பெற்றாரல்லர். சதியை அறிந்திருந்தும் கூறாது விட்டதே அவர் குற்றம். பணம் பெற்றவனுக்கும் பெறாதவனுக்கும் ஒரே தண்டனை. அதுவும் ஆயுட்காலத் தண்டனை. 1956 இல் இறக்கும் வரை வீவர் தம் பெயரை மீட்கப் போராடிப் பயனின்றிப் போனார். மறுபுறம், தொடர் நடைபெற்ற வேளையிலேயே ஐயம் தம் காதுக்கு எட்டியும், அவ்வீரர்களை மறு பருவத்திலும் ஆடவிட்டு வருவாய் ஈட்டிய உரிமையாளர் சார்ள்ஸ் கொமிஸ்கியை இந்நீதி தீண்டவில்லை. அறிந்தும் கூறாமை வீரனிடத்துக் குற்றம், உரிமையாளரிடத்து நிர்வாகம்!

லாண்டிஸ் உரிமையாளரையும் எதிர்த்தாரே என்பர் அவரது ஆதரவாளர். இது முற்றிலும் பொய்யன்று. சிறு லீக்குகளில் வீரர்களைப் பதுக்கி வைத்த குற்றத்துக்காக 1938 இல் சென்ற் லூயிஸ் கழகத்தின் எழுபதுக்கு மேற்பட்டோரையும், 1940 இல் டெட்ரோயிட் கழகத்தின் தொண்ணூறுக்கு மேற்பட்டோரையும் அவர் விடுவித்தார். அவ்விளைஞர்களுக்கு அது மெய்யான நன்மையே. ஆயினும் அவர்களைப் பிணித்த மூலக் கயிறாகிய ஒதுக்கீட்டு நிபந்தனையை அவர் தொடவேயில்லை. ஓர் எசமானிடமிருந்து விடுபட்டவன் இன்னோர் எசமானிடம் அதே நிபந்தனையின் கீழேயே கையொப்பமிட்டான். அக்கயிறு அறுபட 1975 ஆம் ஆண்டின் நடுத்தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனைச் சாதித்தது ஆணையாளரன்று, வீரர்களின் தொழிற்சங்கம்.

எல்லாவற்றிலும் பாரதூரமானது நிறத்தடையாகும். லாண்டிஸ் பதவி வகித்த இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு கறுப்பின வீரரேனும் பெரிய லீக்குகளில் ஆடவில்லை. சாச்சல் பேஜ், ஜொஷ் கிப்சன் போன்றோர் புறம்பான லீக்குகளிலேயே தம் சிறந்த ஆண்டுகளைக் கழித்தனர். கறுப்பினத்தவரைத் தடுக்கும் விதி ஏதுமில்லை என 1942 இல் லாண்டிஸ் அறிவித்தார். எழுத்திலே விதியில்லை என்பது உண்மைதான். எழுதா விதிக்கே வலிமை அதிகம் என்பதை ஒரு நீதிபதி அறியாதவரா? 1943 டிசம்பரில் பாடகர் போல் றோப்சன் உரிமையாளர் கூட்டத்தில் நேர்நின்று வேண்டுகோள் விடுத்தார். செவிமடுத்தனர், எதுவும் மாறவில்லை.

உரிமையாளரின் தப்பெண்ணத்துக்கு அவர் என் செய்வார் என்று ஈண்டு வினவப்படுவதுண்டு. இவ்வினாவே ஐதீகத்தின் அடித்தளத்தைத் தகர்த்து விடுகிறது. விளையாட்டின் சர்வாதிகாரி அவரெனில், நிறத்தடைக்கு அவரே பொறுப்பாளி. உரிமையாளரை மீறவியலாத ஊழியர் அவரெனில், நேர்மையின் தனிப்பெருங் காவலர் என்னும் பட்டம் வெறும் வேடம். அதிகாரத்தின் புகழை அவருக்கும் அதன் பழியைப் பிறருக்கும் பங்கிட முயல்வது தர்க்கமாகாது. லாண்டிஸ் 1944 நவம்பரிற் காலமானார். பதினொரு மாதங்களுள், 1945 ஒக்டோபரில், புறூக்ளின் கழகத்தின் பிரான்ச் ரிக்கி ஜாக்கி றொபின்சனுடன் உடன்பாடு கண்டார். 1947 ஏப்ரல் 15 இல் றொபின்சன் களமிறங்கினார். சென்ற் லூயிஸில் லாண்டிஸ் எதிர்த்த வீரர் சேமிப்பு முறையைக் கட்டியெழுப்பியவரும் இதே ரிக்கிதான். விதிகள் மாறவில்லை, ஆணையாளரே மாறியிருந்தார்.

2020 ஆம் ஆண்டு, மிகச் சிறந்த வீரருக்கான விருதிலிருந்து லாண்டிஸின் பெயர் நீக்கப்பட்டது. 2025 மே மாதத்தில், ஆயுட்காலத் தடை மரணத்தோடு முடிவுறும் என ஆணையாளர் றொப் மன்பிரெட் தீர்மானித்ததால் ஜாக்சன், வீவர் ஆகியோரும் விடுவிக்கப்பட்டனர். ஜாக்சன் இறந்து எழுபத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. இதனை நீதியின் வெற்றியெனக் கொள்வோர் ஒன்றைக் கவனிக்கத் தவறுகின்றனர். வீவர் மீதான சாட்சியம் மறுபடி ஆராயப்படவில்லை; குற்றத்தின் தரவேறுபாடு நிறுக்கப்படவில்லை. அன்று ஒருவர் ஒப்பமிட்டுத் தண்டித்தார். இன்று ஒருவர் ஒப்பமிட்டு விடுவித்தார். விருதிலிருந்து பெயரைச் சுரண்டியெடுப்பது எளிது. உடைமையாளர் நியமித்துச் சம்பளமளிக்கும் ஒருவரை உழைப்போரின் நீதிபதியாக ஏற்கும் மனப்பாங்கு நீங்காதவரை, லாண்டிஸ் இறந்துவிட்டார் என எவரும் துணிந்து கூறவியலாது.