நாய் தோண்டினால் குற்றம் யாருடையது?

சித்தூரில் எங்கள் தெருவில் கோடை பிறந்தால் இரண்டு புலம்பல்கள் தவறாமல் கேட்கும். ஒன்று, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது. மற்றொன்று, நாய் தோட்டத்தைத் தோண்டிப் பாழாக்கிவிட்டது என்பது. உடனே யோசனைகள் குவியும். சங்கிலியில் கட்டு, இரண்டு போடு போடு, மிளகாய்ப் பொடி தூவு, பாச்சை உருண்டை போடு! கடைசியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் "குக்க தோக வங்கர" என்று தெலுங்கில் முடித்து வைப்பார். நாமும் நாய் வாலை நிமிர்த்த முடியாது என்று தமிழில் தலையாட்டுவோம்.

நானும் அப்படித் தலையாட்டியவன்தான். எங்கள் வீட்டு மணி, என் மனைவி ஆசையாக வைத்த குண்டுமல்லிச் செடியை மூன்று முறை தோண்டிப் போட்டான். மூன்றாவது முறை கோபம் பொறுக்காமல் பகல் முழுவதும் கட்டிப் போட்டேன். இரவு வரை ஓயாமல் குரைத்தான்.

அந்த வாரம் திருப்பதியிலிருந்து உறவுக்காரப் பிள்ளை ஒருவர் வந்திருந்தார். 1955 முதல் அங்கே நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குழியைப் பார்த்ததும், "மாமா, இந்தச் செடிக்கு என்ன உரம் போட்டீர்கள்?" என்று கேட்டார். எலும்புத் தூளும் ஆமணக்குப் புண்ணாக்கும் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது.

எலும்புத் தூளின் வாசனை நாயைச் சுண்டி இழுக்கும். ஆமணக்குப் புண்ணாக்கிலோ ரிசின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. எண்ணெய் பிழியும்போது அது எண்ணெயில் சேராமல் சக்கையிலேயே தங்கிவிடும். தின்ற நாய்க்குச் சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ வாந்தியும் இரத்தபேதியும் காணும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டு போவது ஒன்றே வழி. ஆக, செடியின் அடியில் விருந்தையும் விஷத்தையும் சேர்த்து வைத்தவன் நான். அடி வாங்கியவன் மணி! அவன் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். பாச்சை உருண்டையும் நாய்க்கு நஞ்சுதான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

நாய் காரணமின்றித் தோண்டுவதில்லை. நமக்குப் போல் அதற்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களில்தான் சிறிது வியர்க்கும். ஆகவே வெயிலில் ஈர மண்ணைப் பறித்து அதில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. சுவரோரம் தோண்டினால் அங்கே எலியோ பெருச்சாளியோ இருக்கலாம். வேலியடியில் தோண்டினால் வெளியே போக வழி தேடுகிறது. சினையான நாய் குட்டி போட இடம் பார்க்கும். தனிமையில் விடப்பட்ட நாய் பொழுது போகாமல் தோண்டும். டாஷ்ஹண்ட் போன்ற இனமோ, வளைக்குள் பதுங்கும் பிராணிகளைப் பிடிக்கவே ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. அதை விலை கொடுத்து வாங்கி வந்து தோண்டாதே என்றால் என்ன நியாயம்?

காரணம் தெரிந்தால் பரிகாரம் எளிது. நல்ல நிழலும் தொட்டி நிறையத் தண்ணீரும் வையுங்கள். எலி வளையை அடையுங்கள். எலி மருந்து மட்டும் வேண்டாம், அது நாய்க்கும் எமன். செடியைச் சுற்றிக் கல் பதியுங்கள். காலையும் மாலையும் நாயை நடத்திக் கூட்டிச் செல்லுங்கள். நிழலான மூலையில் மணல் கொட்டி, அதில் ஒரு பந்தைப் புதைத்து வையுங்கள். அங்கே தோண்டினால் தட்டிக் கொடுங்கள். தோண்டி முடித்து நெடுநேரம் கழித்து அடித்தால், எதற்காக அடி விழுந்தது என்று அதற்குப் புரியாது. நம்மைக் கண்டு பயப்பட மட்டுமே கற்றுக்கொள்ளும்.

கட்டிப் போடுவது சுலபம்தானே என்பார்கள் சிலர். 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, நாயை வழக்கமாகக் கட்டியே வைத்து அதற்கு உரிய நடமாட்டம் தராமல் விடுவதைக் குற்றம் என்கிறது. சட்டம் கிடக்கட்டும். நம் கிராமத்து வீடுகளில் நாய்க்குத் தெருவும் வயலும் சொந்தமாக இருந்தன. இன்று மதில் எழுப்பி, சிமெண்டு போட்டு, மிஞ்சிய நாலு முழ மண்ணையும் தொடாதே என்கிறோம். வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு அதன் இயல்பைப் பொறுக்கும் கடமையும் உண்டு என்பது என் கருத்து.

அடுத்த கோடைக்கு முன் நம் சங்கத்தின் மாதக் கூட்டம் ஒன்றுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்துப் பேச வைக்கலாம். பிராணி வளர்க்கும் குடும்பங்களுக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில் ஆமணக்குப் புண்ணாக்கு கிடையாது, மக்கிய இலையுரம்தான். மாமரத்தடி மணற்குழி மணிக்குச் சொந்தம். குண்டுமல்லி இந்த ஆண்டு நன்றாகவே பூத்தது.